சுழற்பணியும் இரவுண்ணா நோன்பும்

(தசலட்சணப் பெருவிழாவின் ஏழாம் நாளாகிய உத்தம தவ தினத்தன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உத்தம தவம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். சாத்திரம் கற்ற பண்டிதர்கள் பேச வேண்டிய பொருள் இது. நான் பண்டிதன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, 1986இல் கோவில்பட்டிக்குச் சென்று, ஒரு நூற்பாலையில் 34 ஆண்டுகள் மேஸ்திரியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆகவே தவத்தின் பெருநெறியைப் பேசும் துணிவு எனக்கில்லை. அதன் ஒரு சிறு மூலையை மட்டும் பேசுகிறேன். இரவும் பகலும் மாறி மாறி உழைக்கின்ற ஒருவர், பெருத்துவிட்ட உடலை நலமாகக் குறைக்கத் தொடங்குவது எவ்வாறு? அதற்கு நம் முன்னோர் வகுத்த நோன்புகள் எந்த அளவுக்குத் துணை நிற்கும்? இவ்விரண்டே என் பொருள்.

இதை இங்கே பேசக் காரணம் உண்டு. செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளில் உள்ள நம் ஊர்ப் பிள்ளைகள் இன்று ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளில் மூன்று ஷிப்டுகளில் வேலை செய்கிறார்கள். சென்னையில் கணினி நிறுவனங்களில் அமெரிக்காவின் பகலுக்கு ஏற்ப நம் இரவில் விழித்திருக்கிறார்கள். நம் பெண்மக்கள் செவிலியராக மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்க்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த நான்கைந்து ஆண்டுகளில் அவர்களுடைய இடை பருத்துவிடுகிறது. இன்னொன்றும் நிகழ்கிறது. இரவில் உண்ணும் பழக்கம் வந்தபின், 'நமக்கு இனி என்ன விரதம்' என்று ஜினாலயத்தின் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். இவ்விரண்டும் எனக்கு நேர்ந்தவை. அதனால்தான் பேசுகிறேன்.

கோவில்பட்டியை அறியாதவர்களுக்கு ஓரிரு சொற்கள். அது கரிசல் பூமி. மழையை நம்பிய மானாவாரி நிலம். பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு ஆகியவை விளையும். 1901இலேயே அங்கு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. மழை பொய்த்தால் நிலம் கைவிடும். ஆகவே மக்கள் தீப்பெட்டித் தொழிற்கூடங்களையும் நூற்பாலைகளையும் நம்பி வாழ்கிறார்கள். ஊரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் கழுகுமலை நிற்கிறது. திருநெச்சுரம் என்பது அதன் பழம்பெயர். எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களையும், அவற்றின் கீழே வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட ஆசிரியர்கள், குரத்தியர்கள் பெயர்களையும் இன்றும் காணலாம். சுற்றுவட்டாரத்தில் நம்மவர் குடும்பங்கள் மிகச் சில. வார ஓய்வு நாளில் அந்த மலையே எனக்கு ஜினாலயம்.

ஆலையில் காலை 6 முதல் 2 வரை பகல் ஷிப்டு. 2 முதல் 10 வரை அரைநைட்டு. 10 முதல் மறுநாள் காலை 6 வரை முழுநைட்டு. வாரந்தோறும் மாறும். உடல் ஒன்றுக்குப் பழகும்போது அடுத்தது வந்துவிடும். என் வீட்டில் என் தாயாரும் மனைவியாரும் விளக்கு வைத்தபின் உண்டதில்லை. நானோ வேலைக்குச் சேர்ந்த ஆறே மாதங்களில் அந்த நோன்பைக் கைவிட்டேன். முழுநைட்டில் நள்ளிரவு தாண்டியதும் கண் சொருகும். அப்போது ஒரு தேநீர், இரண்டு வடை. மூன்று மணிக்கு மறுபடி ஒரு தேநீர், ஒரு துண்டு கடலை மிட்டாய். எங்கள் ஊர்க் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் புகழில் எனக்கும் பெருமைதான். ஆயினும் கடலையும் வெல்லமுமான அந்தப் பண்டத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 500 கலோரி உண்டு என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஓர் இரவில் நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 40 கிராம் சர்க்கரை. ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்தே 25 கிராமுக்குள் நிற்பது மேலும் நலம் என்று 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் கூறியது. நான் ஓர் இரவுத் தேநீரிலேயே அதைத் தாண்டிக்கொண்டிருந்தேன்.

இங்கே என் தாயாரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்ல வேண்டும். 1994இல் அவர் கோவில்பட்டிக்கு வந்து சில மாதங்கள் தங்கினார். எனக்கு அரைநைட்டு. இரவு பத்தரை மணிக்கு வீடு வந்து, தட்டு நிறையச் சோறு உண்டு, உடனே படுப்பேன். முதல் நாள் அம்மா என்னருகே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாலை ஐந்தரை மணிக்கு ஆலை வாயிலிலிருந்து எனக்கு ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் தூக்குச்சட்டியுடன் அம்மா நிற்கிறார். 'பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிடப்பா' என்றார். உடன் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம் எனக்கு. 'இதெல்லாம் இங்கே சரிப்படாது அம்மா, இனிமேல் வராதீர்கள்' என்று திருப்பி அனுப்பினேன். அவர் மறுபடி வரவில்லை. அந்தத் தூக்குச்சட்டியின் அருமை எனக்கு விளங்கியபோது அவர் இல்லை. அதை எங்கே விளங்கிக்கொண்டேன் என்பதுதான் இவ்வுரையின் மற்றப் பகுதி.

2007இல் எனக்கு வயது 45. உயரம் 165 சென்டிமீட்டர். எடை 84 கிலோ. இடுப்புச் சுற்றளவு 102 சென்டிமீட்டர். இந்தியர்களுக்கு வகுத்த அளவு சற்றுக் கண்டிப்பானது. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து இருமுறை வகுத்தால் வரும் எண் 23க்கு மேல் போனால் மிகை எடை. 25ஐ எட்டினால் உடற்பருமன். எனக்கு அது 31ஐ நெருங்கியிருந்தது. இடுப்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறீர்கள் என்றார் மருத்துவர்.

அஞ்சிப்போனேன். அஞ்சியவன் செய்யும் தவறு ஒன்றைச் செய்தேன். அவ்வாண்டுத் தசலட்சண நாட்களை வாய்ப்பாகக் கொண்டு தொடர்ந்து மூன்று நாள் உபவாசம் இருந்தேன். வீட்டாரிடம் விரதம் என்றேன். என் உள்ளத்திலோ எடை இயந்திரத்தின் முள் மட்டுமே இருந்தது. மூன்றாம் நாள் பகல் ஷிப்டில், ஓடிக்கொண்டிருந்த ரிங் பிரேம் அருகே கண் இருண்டது. சாய்ந்த என் தோளைப் பிடித்து இழுத்தவர் கரிசல் கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண் தொழிலாளி. ஒரு கணம் பிந்தியிருந்தால் என் வலக்கை என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு. என்னை உட்கார வைத்து, தண்ணீர் தந்து, அவர் சொன்னார்: "வயித்தக் காயப்போட்டா இளைக்க முடியுமா அண்ணாச்சி? கொஞ்சமாக் குடிங்க, வேளைக்குக் குடிங்க."

அவர் நம் சமயத்தவர் அல்லர். சாத்திரம் படித்தவரும் அல்லர். ஆனால் அவர் சொன்ன இரண்டும் நம் ஆசிரியர்கள் சொன்னவை என்பதை அன்றிரவு வீட்டில் தத்துவார்த்த சூத்திரத்தை எடுத்தபோது கண்டேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் புறத்தவம் ஆறு கூறப்பட்டுள்ளது. முதலாவது அநசனம் என்னும் உண்ணா நோன்பு. நாம் பலரும் தவம் என்றால் அங்கேயே நின்றுவிடுகிறோம். இரண்டாவது அவமௌதர்யம், அதாவது வயிறு நிரம்புமுன் கை கழுவுதல். மூன்றாவது விருத்தி பரிசங்கியானம், இன்னதுதான் ஏற்பேன் என்று முன்னரே வரையறை செய்தல். நான்காவது ரசபரித்தியாகம், சுவைப்பொருள் துறத்தல். ஐந்தாவது விவிக்த சய்யாசனம், ஆரவாரமற்ற இடத்தில் இருத்தலும் கிடத்தலும். ஆறாவது காயக்கிலேசம், உடலை வருத்திப் பழக்குதல். பதினாறு காரண பாவனைகளுள் தவத்தைச் சொல்லும்போது 'ஆற்றலுக்கேற்ற தவம்' என்றே சொல்லப்பட்டது. ஓடும் இயந்திரத்தின் அருகே நிற்பவன் மூன்று நாள் உபவாசம் இருந்தது ஆற்றலுக்கேற்றதன்று.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் இருந்தது. விரதத்தை உள்ளிருந்து தைக்கும் முட்களாக மூன்று சல்லியங்களை நம் ஆசிரியர்கள் கூறுவர். அவற்றுள் ஒன்றன் பெயர் நிதானம். பேச்சு வழக்கில் நாம் சொல்லும் நிதானம் அன்று இது. பயன் ஒன்றை விரும்பி நோற்கும் ஆசைக்குச் சாத்திரம் இட்ட பெயர். இடை குறைய வேண்டும் என்று நான் இருந்த உபவாசம் நோன்பே அன்று. ஆகவே இளைஞர்களுக்கு முதற்கண் ஒன்று சொல்வேன்: எடை குறைப்பதற்கு விரதம் என்று பெயர் சூட்டாதீர்கள். உடலைப் பேணுவது இல்லறத்தான் கடமை. தவம் வினை நீக்கும் வழி. ஆனால் தவத்தின் ஒழுங்கைக் கற்றவனுக்கு உடலைப் பேணுவது எளிதாகும். அந்த ஒழுங்கிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதே இனி நான் சொல்வது.

முதலில் வேளை. இரவுண்ணாமை சிராவகப் படிகள் பதினொன்றில் ஆறாவதாக இரத்தினகரண்டகத்தில் வைக்கப்பட்டது. உயிர்க்கருணையே அதன் அடிப்படை. அறிவியல் அதற்குச் சான்று தந்தால்தான் அது உயரும் என்பதில்லை. ஆயினும் அறிவியல் சொல்வதையும் கேட்போம். நம் உடலின் உயிரணுக்களில் ஒரு நாட்கடிகாரம் ஓடுகிறது. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. மூளையிலுள்ள தலைமைக் கடிகாரம் ஒளியைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்கிறது. கல்லீரல், கணையம் முதலியவற்றின் கடிகாரங்கள் உணவு வரும் வேளையையும் பார்த்து நேரம் வைத்துக்கொள்கின்றன. இரவில் கணையம் இளைப்பாறும் வேளையில் சோறு வந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறி, இறங்க நெடுநேரம் ஆகிறது. விழித்திருப்பது ஒரு குழப்பம். அவ்வேளையில் உண்பது இரண்டாம் குழப்பம்.

2021 டிசம்பரில் அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நலமுள்ள 19 இளையோரை ஆய்வுக்கூடத்தில் வைத்து இரவுப் பணி போன்ற நிலையை உண்டாக்கினார்கள். ஒரு பகுதியினர் இரவிலும் பகலிலும் உண்டனர். மற்றவர் பகலில் மட்டும் உண்டனர். இரவில் உண்டவர்களின் சராசரிச் சர்க்கரை அளவு 6.4 விழுக்காடு உயர்ந்தது. பகலில் மட்டும் உண்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. சிறிய ஆய்வுதான், முடிந்த முடிபென்று கொள்ள வேண்டா. ஆனால் அதைப் படித்த அன்று எனக்கு ஆலை வாயிலும் தூக்குச்சட்டியும்தான் நினைவுக்கு வந்தன. இரவுப் பணி செய்பவனுக்கு இந்த நோன்பு பொருந்தாது என்று கருதி நான் விட்டேன். அவனுக்குத்தான் அது மற்றவர்களைவிட மிகுதியாகத் தேவைப்பட்டது.

நடைமுறைக்கு வருவோம். நான் செய்ததைச் சொல்கிறேன். பகல் ஷிப்டு வாரத்தில் தொல்லை இல்லை. காலை இடைவேளையில் ஒன்று, வீடு திரும்பி இரண்டரைக்கு ஒன்று, ஐந்தே முக்காலுக்குச் சிற்றுணவு. அரைநைட்டு வாரம்தான் கடினம். புறப்படுமுன் பன்னிரண்டரைக்கு நல்ல உணவு. மாலை ஐந்தரைக்கு ஆலையிலேயே தூக்குச்சட்டி. பத்தரைக்கு வீடு வந்தால் நீர் அருந்திவிட்டு உறக்கம். முதல் பத்து நாட்கள் பசி வந்து கதவைத் தட்டும். பிறகு அது அந்த வேளையில் வருவதை மறந்துவிடும். முழுநைட்டு வாரத்தில் ஐந்தே முக்காலுக்கு உணவு, ஏழு முதல் ஒன்பது மணி வரை ஒரு குட்டித் தூக்கம், இரவெல்லாம் நீர் மட்டும். காலையில் வீடு திரும்பி, ஞாயிறு நன்கு எழுந்தபின் ஏழு மணிக்கு எளிய உணவு, எட்டு முதல் இரண்டு வரை உறக்கம், இரண்டரைக்கு மதிய உணவு.

ஐந்தரைக்கு இடைவேளை கிடைக்குமா என்பீர்கள். 2025 வரை நடப்பிலிருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி வேலை வாங்கக் கூடாது, அரை மணி இடைவேளை தர வேண்டும் என்றது. அந்த அரை மணி எப்போது என்பதை உடன் பணியாற்றுபவரோடு பேசித்தான் பெற வேண்டும். எனக்கு வாய்த்தவர் ஓர் இசுலாமிய நண்பர். ரமலான் மாதத்தில் அவருக்கு ஞாயிறு மறைந்தவுடன் உண்ண வேண்டும். எனக்கு மறையுமுன் உண்ண வேண்டும். நான் உண்ணும்போது அவர் என் இயந்திரங்களைப் பார்ப்பார். அவர் நோன்பு திறக்கும்போது நான் அவருடையவற்றைப் பார்ப்பேன். ரமலான் முடிந்தபின்னும் அந்த ஏற்பாடு பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. கூச்சப்பட்டு அம்மாவைத் திருப்பி அனுப்பிய எனக்கு, வாய் திறந்து கேட்டால் கிடைக்கும் என்பது அவ்வளவு பிந்தித்தான் தெரிந்தது.

இரண்டாவது அளவு. ஆடவருக்கு 32 கவளம், மகளிருக்கு 28 கவளம் நிறையுணவு என்று நம் நூல்கள் கணக்கிட்டன. அதில் ஒரு கவளம் குறைத்தாலே அவமௌதர்யம் தொடங்கிவிடுகிறது. எத்தகைய பெருங்கருணை பாருங்கள்! பாதியாகக் குறை என்று சொல்லவில்லை. நான் முதல் வாரம் ஒரு கவளம் குறைத்தேன், அடுத்த மாதம் மூன்று, பிறகு ஆறு. வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் குறைக்க முயலாதீர்கள். விரைந்து போன எடை விரைந்தே திரும்பும். முந்தைய உணவு செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டா என்னும் கருத்தைக் குறளின் 95ஆம் அதிகாரத்தில் படித்திருக்கிறீர்கள். அந்த அதிகாரத்தின் தலைப்பே மருந்து என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவது முன்வரையறை. விருத்தி பரிசங்கியானம் முனிவர்களுக்கு உரியது. உணவுக்குப் புறப்படுமுன்னரே அவர்கள் மனத்துள் ஓர் உறுதி கொள்வார்கள். அதன் நிழலை நாமும் கொள்ளலாம். நள்ளிரவு மூன்று மணிக்கு, கண் எரியும் வேளையில், வடை வேண்டுமா வேண்டாவா என்று முடிவு செய்யப் புகுந்தால் வடையே வெல்லும். பணிக்குப் புறப்படுமுன் வீட்டு வாசலிலேயே இன்றைய உணவு இது, இத்தனை வேளை என்று முடிவு செய்துவிட வேண்டும். கையில் உணவு இருப்பவன் சிற்றுண்டிக் கடையை நாடமாட்டான்.

நான்காவது சுவை. பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு ஆகிய ஆறையும் ரசம் என வகுத்து, நாளுக்கு ஒன்றாகத் துறக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. 2024இல் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட 17 உணவு நெறிகளில் எண்ணெய், சர்க்கரை, உப்பு ஆகியவற்றைக் குறைக்கும்படி வற்புறுத்தியிருக்கிறது. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது அதன் அளவு. நான் தேநீரில் சர்க்கரையை விட்டேன். எண்ணெயில் பொரித்ததை வாரம் ஒரு நாளாக்கினேன். தூக்குச்சட்டியில் கம்மங்கஞ்சி, மோர், பாசிப்பயற்றுச் சுண்டல், கீரை, வெள்ளரிக்காய் இவை போதும். குதிரைவாலிச் சோறு பகலுக்கு. ஆயினும் ஓர் எச்சரிக்கை. சிறுதானியம் என்றால் எவ்வளவு உண்டாலும் இளைக்கும் என்று எண்ணாதீர்கள். கம்பும் அரிசியும் ஆற்றலில் ஏறத்தாழ ஒன்றே. 100 கிராமுக்கு 350 கலோரி அளவில் இருக்கும். நார்ச்சத்தினால் பசி தாங்குவதே கம்பின் சிறப்பு. பயறு வகைகளை விடாதீர்கள். நமக்குப் புலால் இல்லை. பயறும் மோரும் குறைந்தால் எடையோடு தசையும் கரையும்.

ஐந்தாவது உறக்கம். இதைத்தான் யாரும் எண்ணுவதில்லை. உறக்கம் குறைந்தால் பசி மிகும்; இனிப்பின் மேல் நாட்டம் மிகும். முழுநைட்டு முடிந்து வருபவருக்கு விவிக்த சய்யாசனம் கட்டாயம் வேண்டும். சன்னலுக்குக் கனத்த திரை, அணைத்து வைத்த கைப்பேசி, அடக்கிப் பேசும் வீட்டார். தாய்மார்களே, பகலில் உறங்கும் பிள்ளையை 'பொழுது ஏறியும் தூங்குகிறான்' என்று எழுப்பாதீர்கள். அவனுக்கு அதுவே இரவு. தேநீரின் ஊக்கம் பல மணி நேரம் உடலில் தங்கும். ஆகவே பணியின் பின்பாதியில் அதைத் தொடாமல் இருப்பது நலம்.

ஆறாவது உழைப்பு. வாரத்துக்கு 150 நிமிட நடை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் குறைந்த அளவு. எங்கள் ஊர் வெயிலில் பகல் நடை கூடாது. நான் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொண்டேன். ஆலைக்கு நடந்து போவது, மாலை உணவுக்குப் பின் முற்றத்தில் உலாவுவது, ஓய்வு நாளில் கழுகுமலை ஏறுவது. நாள் முழுதும் இயந்திரங்களுக்கிடையே நடக்கிறேனே, தனியாக நடை எதற்கு என்று முன்பு எண்ணியதுண்டு. அந்த நடை களைப்பைத் தந்தது; நெஞ்சு விரைந்து துடிக்கும் அளவுக்கு அது ஒருநாளும் எட்டியதில்லை.

விளைவைச் சொல்ல வேண்டும். மிகையின்றிச் சொல்கிறேன். ஒன்றரை ஆண்டில் 84 கிலோ 76 ஆயிற்று. இடுப்பு 102இலிருந்து 93 ஆயிற்று. பிறகு எடை அசையவில்லை. நான் சோர்ந்தபோது என் மருத்துவர் சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துச் சொன்னார். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 விழுக்காட்டினருக்கே வந்தது. வியப்பு என்னவெனில், திருத்திக்கொண்டவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. முள் அசையாவிட்டாலும் உள்ளே நன்மை நடக்கிறது என்பதே அதன் பொருள். எனக்கும் நோய் வராமல் போகவில்லை. 62ஆம் வயதில் மாத்திரை தொடங்கினேன். 45இல் வாசலில் நின்றவனுக்குப் பதினேழு ஆண்டுகள் கிடைத்தன. அந்தப் பதினேழு ஆண்டுகளும் எனக்குப் போதும்.

சில எச்சரிக்கைகள். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் உணவு வேளையை மாற்றக் கூடாது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்தால் உயிருக்கே ஊறு. கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், வயிற்றுப்புண் உள்ளவர்கள் இதில் இறங்க வேண்டா. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஆலைகளில் பணிபுரிபவர்கள் நீரை விலக்கவே கூடாது. நீரையும் மருந்தையும் விலக்காக வைத்து நோன்பு ஏற்பது இல்லறத்தார்க்குக் குறைவாகாது. கண் இருண்டால் உடனே உண்ணுங்கள், இரவானாலும் உண்ணுங்கள். ஓடும் இயந்திரத்தின் அருகே விழுந்து கைகால் இழக்கச் சொல்வது அகிம்சை ஆகாது.

இறுதியாக, ஜினாலய வாசலில் நின்றுவிட்ட பிள்ளைகளுக்கு ஒரு சொல். 'வாரத்தில் ஐந்து நாள் தவறிவிடுகிறது. பிறகு விரதம் எதற்கு' என்று எண்ணுகிறீர்கள். நானும் இருபது ஆண்டுகள் அப்படித்தான் எண்ணினேன். இரத்தினகரண்டகத்தில் துறவை இரண்டாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார் சமந்தபத்திரர். வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம். காலவரையறையோடு ஏற்பது நியமம். ஒரு நாளைக்கு ஏற்கலாம். ஒரு பட்சத்துக்கு ஏற்கலாம். ஒரு மாதத்துக்கு ஏற்கலாம். இது ஒழுக்கத்தில் தளர்ந்தவர்க்கென்று பின்னாளில் செய்த சலுகை அன்று. ஆசிரியரே திறந்து வைத்த வழி. சுழற்பணி செய்பவனுக்கு ஏற்ற காலவரையறை ஒரு ஷிப்டு வாரம். இந்தப் பகல் ஷிப்டு வாரம் முழுதும் இரவில் உண்ணேன் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். வாரம் முடிந்ததும் நியமமும் முடிந்தது, தவறவில்லை, நிறைவேறியது. அடுத்த வாரத்துக்கு அதன் ஆற்றலுக்கேற்ப இன்னொன்று. நான் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு வாரம் மூன்றாயிற்று. மூன்று வாரம் பழக்கமாயிற்று.

பெற்றோர்களுக்கும் அறக்கட்டளைக்கும் ஒரு வேண்டுகோள். இரவுப் பணிக்குப் போகும் பிள்ளையிடம் 'விரதம் விட்டாயா' என்று கேட்காதீர்கள். 'உன் இடைவேளை எத்தனை மணிக்கு' என்று கேளுங்கள். கேட்டபின் அதற்கேற்ப ஒரு தூக்குச்சட்டி கட்டிக் கொடுங்கள். கழுகுமலைக் கல்வெட்டுகளில் வைராக்கியர்களுக்கு உணவு நடக்க ஏற்பாடு செய்த செய்தி இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த வறண்ட பூமியில் யாரோ ஒருவர், நோன்பிருப்பவர் வேளைக்கு உண்ண வேண்டும் என்று கவலைப்பட்டிருக்கிறார். என் தாயாரும் அந்தக் கவலையோடுதான் ஆலை வாயிலில் நின்றார். இன்று உங்கள் வீட்டுப் பிள்ளைக்காக அந்தக் கவலையை நீங்கள் ஏற்க வேண்டும் என்று கேட்டு அமைகிறேன்.

வாழ்க அருகன் அறம்! எல்லா உயிர்களும் இன்புறுக!